நடந்து காத்த கரைகள்

என் தந்தையார் மீட்டர் கேஜ் இருப்புப்பாதையில் கீமேனாகப் பணியாற்றியவர். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே தமக்கென ஒதுக்கப்பட்ட பகுதியை நாள்தோறும் காலையில் ஒரு தண்டவாளத்தின் வழியாக நடந்து சென்று, மற்றொன்றின் வழியாக நடந்து திரும்புவார். தோளில் சுத்தியலும் ஸ்பேனரும் இருக்கும். கையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடிகள். தளர்ந்ததை இறுக்குவதும், விரிசல் கண்ட இடத்தில் நின்று வண்டியை நிறுத்துவதும், கால்வாய்ப் பாலங்களின் அடியில் குனிந்து பார்ப்பதும் அவருடைய வேலை. நாளொன்றுக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்து, அவருடைய இருபத்தைந்து ஆண்டுப் பணிக்காலத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தேன். உலகத்தை ஏறத்தாழ இருமுறை சுற்றிவரும் தொலைவு அது. ஆயினும் அந்தச் சில கிலோமீட்டரை விட்டு அவர் வெளியே போனதில்லை.

அவர் காத்த பாதை இன்று இல்லை. 2004ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கடற்கரை – தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் மின்தொடர் வண்டிகளின் ஓட்டம் நின்றது. ஒரு மீட்டர் அகலத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, 1.676 மீட்டர் அகலப்பாதை அவ்விடத்தில் படுத்துக்கொண்டது. வேறிடங்களில் கைவிடப்பட்ட பாதைகள் புல் மூடிக் கிடப்பதைக் காணலாம். இங்கோ பழைய பாதை புதிய பாதையின் அடியிலேயே அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அதன் மீதுதான் நாம் நாள்தோறும் பயணம் செய்கிறோம்.

கடந்த தவக்காலத்தின் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், அந்தப் பாதையின் ஓரமாகவும் அதன் கிழக்கேயுள்ள ஏரிக் கரைகளின் மீதுமாக ஒரு நடை போனேன். தாம்பரம் சானடோரியம் நிலையத்தில் தொடங்கி, சிட்லபாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி, சேலையூர் வழியாகத் தாம்பரம் நிலையத்தில் முடிந்த நடை அது. தொலைவு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் அதில் ஆயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது.

ஏரியில் தொடங்கிய இருப்புப்பாதை

இருப்புப்பாதையும் ஏரியும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று நாம் எண்ணுகிறோம். சென்னையின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடிய வண்டியே தென்னகத்தின் முதற்பயணிகள் வண்டி என்பது பலரும் அறிந்தது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1837இல், செங்குன்றத்து ஏரிப் பகுதியிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை ஒரு தண்டவாளப் பாதை அமைந்திருந்தது. நகரின் சாலைகளுக்குச் செம்புரைக்கல் கொண்டுவருவதே அதன் வேலை. சில ஆண்டுகளிலேயே அது மறைந்துவிட்டது. இன்று அதன் தடயத்தைத் தேடிக் கண்டெடுப்பார் இல்லை.

அப்பாதையோடு தொடர்புடைய பொறியாளர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணைகள் கட்டிப் புகழ்பெற்றவர் இவரே. இருப்புப்பாதையோடு தொடர்புடைய இம்மனிதர், தம் முதிர்ந்த வயதில், இந்தியாவுக்கு ரயிலைவிட நீர்வழிகளே இன்றியமையாதவை என்று ஓயாமல் வாதாடினார். அவருடைய வாதம் அன்று எடுபடவில்லை. தண்டவாளங்கள் நாடெங்கும் விரிந்தன.

அதே செம்புரை மண்ணைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்துப் படைத்திடலருகே செம்புரைச் சரளை தோண்டியெடுத்த குழியொன்றில் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதனைப் பற்றிய ஆய்வுக்கு அதுவே வாயில் திறந்தது. இந்த மண்ணில் மனிதன் எழுத்துக்கும் ஏருக்கும் முன்பே நடமாடியிருக்கிறான். நாம் அவனுக்குப் பின் வந்த குடியிருப்பாளர்களே.

ரயில் கொண்டுவந்த ஊர்

எழும்பூரிலிருந்து தெற்கே செல்லும் மீட்டர் கேஜ் பாதை 1870களில் அமைந்தது. தென்னிந்திய ரயில்வே நிறுவனம் அதை நடத்திற்று. ஆனால் தாம்பரத்தைப் புறநகராக மாற்றியது 1931ஆம் ஆண்டு. அவ்வாண்டில்தான் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. பம்பாய் 1925இலேயே மின்சார வண்டியைக் கண்டுவிட்டது எனினும், மீட்டர் கேஜ் பாதையில் மின்சாரம் வந்தது இங்கேதான். கரி பிடித்த எஞ்சினுக்குக் காத்திருந்த காலம் போய், வேலைக்குச் செல்வோர் காலையில் சென்று மாலையில் திரும்பும் வாழ்க்கை தொடங்கியது. பரங்கிமலை வரும்போது சாளரத்தின் வழியே மலைமேல் 1523இல் எழுந்த மாதா ஆலயத்தை நோக்கிச் சிலுவை அடையாளம் இட்டுக்கொள்ளும் பழக்கத்தை என் தலைமுறையினர் இந்த வண்டியில்தான் கற்றோம்.

நிலையங்களின் பெயர்களே ஒரு வரலாற்று நூல். தோல் பதனிட்ட குரோம் லெதர் தொழிற்சாலை குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. 1928இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து பச்சைமலை அடிவாரத்தில் தொடங்கிய காசநோய் மருத்துவமனை சானடோரியத்துக்குப் பெயர் தந்தது. இங்கிலாந்தில் காசநோய் நிலையம் நடத்தித் தேர்ந்தவர் அவர். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் தூய காற்றும், ஓய்வும், அளவறிந்த உணவும், உடல்நிலைக்கேற்ற நடையுமே சிகிச்சை. அந்தக் காற்று சென்னை நகரில் இல்லை, தாம்பரத்தில் உண்டு என்று அவர் தேர்ந்தார். மலையும், குறுங்காடும், நீர் நிறைந்த ஏரிகளும் சூழ்ந்த இடம் இது. 1937இல் அம்மருத்துவமனை அரசின் கைக்கு வந்தது. அதே ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் பேராசிரியர் வளாகத்தின் செடிகொடிகளை ஆராய்ந்து, மரங்களை நட்டு, வறண்ட நிலத்தைச் சோலையாக்கினார்.

காற்றுக்காகவும் அமைதிக்காகவும் முன்னோர் தேடி வந்த இடத்துக்கு, ரயிலின் வசதிக்காக நாம் வந்தோம். வந்தவர்களின் தொகை பெருகப் பெருக, எதைத் தேடி முதலில் வந்தார்களோ அது குறைந்துகொண்டே போயிற்று. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. அதற்குள் அடங்கிய ஊர்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர், திருநீர்மலை. ஒவ்வொன்றும் ஓர் ஏரியின் பெயரும் ஆகும், அல்லது நீரோடு தொடர்புடைய பெயராகும்.

ஏரி என்பது எது?

சானடோரியம் நிலையத்திலிருந்து கிழக்கே நடந்தால் அரைமணிக்குள் சிட்லபாக்கம் ஏரியின் கரையை அடையலாம். வெயில் ஏறாத வேளையில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. முக்குளிப்பான்கள் மூழ்கி எழுந்தன. கரையில் முதியவர்கள் நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தனர்.

ஏரி என்பது பள்ளத்தில் தேங்கிய நீர் மட்டும் அன்று. அதற்கு ஐந்து உறுப்புகள் உண்டு. மழைநீரைக் கூட்டிவரும் நீர்ப்பிடிப்பு நிலமும் வரத்துக் கால்வாயும் முதலாவது. நீரைத் தாங்கும் கரை இரண்டாவது. வயலுக்கு அளந்துவிடும் மதகு மூன்றாவது. நிறைந்தபின் மிகுந்த நீரை வெளியேற்றும் கலங்கல் நான்காவது. அந்த உபரி நீரை அடுத்த ஏரிக்கு அழைத்துச் செல்லும் கால்வாய் ஐந்தாவது. இவற்றுள் எதை இழந்தாலும் ஏரி ஊனமாகும். ஐந்தாவது உறுப்பே ஓர் ஊரை மற்றோர் ஊரோடு கட்டுவது. மேலூரின் மிகுதியே கீழூரின் வாழ்வாயிற்று.

சிட்லபாக்கம் ஏரியின் உபரி நீர் செம்பாக்கம் ஏரிக்குச் செல்ல வேண்டும். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் நீரும் அங்கேயே சேரும். செம்பாக்கத்திலிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஒன்றை நிரப்பி ஒன்று வழிந்து, இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். அங்கிருந்து ஒக்கியம் மடு வழியே பக்கிங்காம் கால்வாய்க்கும், கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்கும் போகும். மேற்குத் தாம்பரத்தின் நீரோ அடையாற்றுக்குரியது. ஆக, நாம் நடுவில் நின்று வண்டிக்குக் காத்திருக்கும் இந்த ஊர், இரண்டு நீர்வழிகளின் தோள்களில் அமர்ந்திருக்கிறது. முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரியை வாங்கும் பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் ஒப்பந்தப்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் பரப்பு முன்னிருந்ததில் சிறு பங்கே எஞ்சியிருந்தபோதுதான் அந்தச் சிறப்பு அதற்குக் கிடைத்தது.

கரை காத்தவர்களும் மண் சுமந்தவர்களும்

இத்தகைய ஏரிகள் தாமாக நிலைத்திருக்கவில்லை. இங்கிருந்து தென்மேற்கே அமைந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919ஆம் ஆண்டும் 921ஆம் ஆண்டும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியம் ஒன்று. ஏரியைக் காப்பது ஊராட்சியின் தனிப் பொறுப்பாக அன்றே இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் செங்கல்பட்டுச் சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். களத்தில் நெல் அளக்கும்போதே ஊர்ப் பணிகளுக்கெனப் பங்குகள் ஒதுக்கப்பட்டதை அவ்வாவணங்கள் காட்டுகின்றன. ஏரிப் பராமரிப்பும் அப்பணிகளுள் ஒன்று. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் அவற்றை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆயினும் பழங்காலத்தைப் பொற்காலமாக வரைந்துவிடுவது நேர்மையாகாது. உத்திரமேரூர் வாரியத்தில் அமர நிலமும், சொந்த மனையும், மறைக்கல்வியும் வேண்டும். ஏரியைத் தோண்டி மண் சுமந்த கைகளுக்கு அக்குடத்தில் ஓலை இல்லை. உடைப்பு எடுத்த இரவில் மார்பளவு நீரில் நின்று கரையை அடைத்தவர்கள் சேரியிலிருந்தே வந்தனர். குடிமராமத்து என்று நாம் பெருமையோடு கூறும் ஊர்ப்பணி, 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் மறுக்க இயலாத கட்டாய உழைப்பாகவும் ஆயிற்று. கரையைக் காத்தவர் வேறு, கரையால் வாழ்ந்தவர் வேறு என்னும் அநீதியையும் இந்த ஏரிகள் தம்முள் தேக்கி வைத்திருக்கின்றன. நாம் மீட்க வேண்டியது பொறுப்பு என்னும் பண்பையே அன்றி, அதைச் சுற்றி எழுந்த மதிலை அன்று.

ரயில் வந்த பின்பும் இந்தக் காவல் ஒரு வகையில் தொடர்ந்தது என்பதைப் பலர் அறியார். ஏரி உடைந்தால் அதன் வெள்ளம் இருப்புப்பாதையை அரித்துவிடும். ஆகவே பாதைக்கு ஊறு விளைக்கக்கூடிய ஏரிகள் என்று ரயில்வே துறை ஒரு பட்டியலையே வைத்திருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் ரயில்வே பொறியாளரும் மாநில அரசின் நீர்த்துறை அலுவலரும் சேர்ந்து அவற்றைப் பார்வையிட வேண்டும் என்பது விதி. என் தந்தையார் போன்ற கடைநிலை ஊழியர்கள் எந்தப் பட்டியலையும் கண்டதில்லை. ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் எந்த ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது, எந்தப் பாலத்தின் அடியில் நீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அவர் சொல்லிவிடுவார். இரவெல்லாம் விளக்கோடு பாதையைச் சுற்றிவந்து, காலையில் ஈரம் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தவுடன் அவர் அம்மாவிடம் கேட்பது காபியை அன்று; கிணற்றில் எத்தனை உறை நீர் ஏறியிருக்கிறது என்பதைத்தான்.

வறண்ட பாலத்தின் கேள்வி

சிட்லபாக்கத்திலிருந்து செம்பாக்கம் செல்லும் வழியில்தான் என் வீடு இருக்கிறது. நடையின் நடுவே என் வாயிற்படியையே கடந்து போனேன்.

1987இல் அங்கே அரை கிரவுண்டு மனை வாங்கினேன். வங்கிக் கடனும், மனைவியின் நகையும், தந்தையாரின் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியும் சேர்ந்தே அந்த மனையாயிற்று. பதிவு முடிந்த வாரத்தில் அவரை அழைத்துச் சென்று காட்டினேன். அவர் மனையைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று அப்பால், மண் சாலையின் கீழே இருந்த ஒரு சிறிய கல்பாலத்தின் அருகே போய்க் குனிந்து பார்த்தார். அது வறண்டு, முள் அடைந்து கிடந்தது. நீர் போகாத இடத்தில் யாராவது பாலம் கட்டுவார்களா என்று என்னைக் கேட்டார். அது பழங்காலத்தது, வயல் இருந்தபோது கட்டியது, இப்போது பயன்பாட்டில் இல்லை என்று பதில் சொன்னேன். மனை விற்றவர்கள் எனக்குச் சொல்லியிருந்த பதிலே அது. தந்தையார் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. 1996இல் அவர் இறந்தபோது வீட்டின் முதல் மாடியும் எழுந்துவிட்டிருந்தது. பாலம் சாலையின் கீழ் மறைந்துவிட்டிருந்தது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. மேற்கே முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளின் முதல் தளம்வரை நீர் ஏறியது. எங்கள் தெருவில் அவ்வளவு இல்லை. ஆயினும் நள்ளிரவில் எழுந்தபோது கட்டிலின் கால்கள் நீரில் நின்றன. மாடிப்படியில் அமர்ந்து டார்ச் விளக்கில் பார்த்தேன். நீர் தேங்கி நிற்கவில்லை, போய்க்கொண்டிருந்தது. வாசல் வழியே நுழைந்து, நடுக்கூடத்தைக் கடந்து, சமையலறைக் கதவின் வழியே, சற்றும் தயங்காமல், தென்கிழக்கே செம்பாக்கம் ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளம் என் வீட்டுக்குள் வரவில்லை. தன் வழியில் நின்ற என் வீட்டைக் கடந்து சென்றது. அந்தப் பாலத்துக்கு நீர் எங்கே போகிறது என்னும் கேள்விக்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் விடை கிடைத்தது.

எங்களுக்கு நாற்காலிகளும் புத்தகங்களுமே போயின. கீழ்ப்பக்கத்தில் கால்வாயோரம் குடிசை போட்டிருந்தவர்களுக்கு எல்லாமே போயிற்று. அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்று பெயர் பெற்றவர்கள். பத்திரமும் பட்டாவும் வைத்துக்கொண்டு அதே நீர்வழியில் நிற்கும் எனக்கு அப்பெயர் இல்லை. இதை எண்ணும்போதெல்லாம் என் தலை குனிகிறது.

பயன் தீராதது

பயன்பாட்டில் இல்லை என்று நான் தந்தையாரிடம் சொன்ன சொல், என்னுடைய சொல் மட்டும் அன்று. இந்த மாநகரமே ஒரு நூற்றாண்டாகச் சொல்லிவரும் சொல் அது. நாம் மின்தொடர் வண்டியில் கடக்கும் மாம்பலத்தருகே நீண்டு கிடந்த ஏரி, 1920களில் வடிக்கப்பட்டுத் தியாகராய நகர் ஆயிற்று. நுங்கம்பாக்கம் ஏரியின் நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அருகில் இன்றும் ஒரு பகுதிக்கு லேக் ஏரியா என்றே பெயர். வீட்டுவசதி வாரியம் மொகப்பேரில் அமைத்த குடியிருப்புக்கு ஏரித் திட்டம் என்றே பெயரிட்டது. பல்லாவரம் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கம் செல்லும் 200 அடிச் சாலை ஓடுகிறது. ஆயக்கட்டு வயல்கள் மனைகளானபின் மதகுக்கு வேலை இல்லை. மதகுக்கு வேலை இல்லாதபின் ஏரி எதற்கு என்பதே எல்லாருடைய கணக்கும்.

அந்தக் கணக்கின் பிழை எனக்கு அந்த நடையில்தான் விளங்கியது. தந்தையாரின் மீட்டர் கேஜ் பாதை பயன் தீர்ந்து போயிற்று என்பது உண்மை. அதைவிட அகன்ற பாதை அதன் வேலையை ஏற்றுக்கொண்டது. நினைக்கும்போது மனம் கனத்தாலும் யாருக்கும் அதனால் இழப்பில்லை. செங்குன்றத்துக் கல் வண்டிப் பாதையும் அவ்வாறே மறைந்தது. மனிதன் தன் தேவைக்கு ஆக்கியதை மனிதனே ஓய்வுகொடுத்து அனுப்பலாம். ஏரியை அவ்வாறு அனுப்ப இயலாது. ஏனெனில் அதன் வேலையில் பாதியே மனிதன் தந்தது. வயலுக்கு நீர் கொடுக்கும் வேலையை நாம் நிறுத்திவிட்டோம். மழையை வாங்கித் தாங்கும் வேலையை நிறுத்த நமக்கு அதிகாரம் இல்லை. மழை நம்முடைய பணியாளன் அன்று. வண்டி நின்ற தண்டவாளத்தில் வண்டி வராது. ஆனால் நீர் நின்ற கால்வாயில் நீர் மீண்டும் வரும்.

இதை உணர்ந்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டபோது, சிட்லபாக்கத்துக் குடியிருப்போர் வார இறுதி நாள்களில் தாமே வறண்ட ஏரியில் இறங்கிக் குப்பையை அள்ளினர். பின்னர் அரசும் நிதி ஒதுக்கி ஏரியைச் சீரமைத்தது. செம்பாக்கம் ஏரியிலும் கேர் எர்த் அறக்கட்டளை, ஐ.ஐ.டி. மெட்ராஸ் முதலியவற்றின் துணையோடு சீரமைப்புப் பணி நடைபெற்றது. நான் சென்ற காலையில் அதன் விளிம்பில் நத்தைகுத்தி நாரைகள் நின்றிருந்தன. ஆகாயத்தாமரை முழுவதும் ஒழிந்துவிடவில்லை. கழிவுநீரின் வாடையும் முழுவதும் நீங்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணைப் பகுதி மீண்டும் நீரில் நின்றது. ஏரியின் ஓர் உறுப்பை மட்டும் குணப்படுத்துவது போதாது என்பதையே இது காட்டுகிறது. கரை அழகாகிறது, கால்வாய் அடைபட்டே இருக்கிறது. கால்வாயை அடைத்திருப்பவை நம் வீடுகள்.

தொடக்க நூலில் ஈசாக்கின் வரலாறு நாம் அடிக்கடி தியானிக்காத ஒன்று. தம் தந்தை ஆபிரகாமின் காலத்தில் தோண்டப்பட்டு, பின்னர் பெலிஸ்தியரால் மண்ணிட்டுத் தூர்க்கப்பட்ட கிணறுகளை அவர் மீண்டும் தோண்டினார். தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு மீண்டும் இட்டார். அவர் புதிய அற்புதம் எதையும் செய்யவில்லை. தூர்ந்ததைத் திறந்தார், மறந்த பெயரைச் சொன்னார், அவ்வளவே. அந்தப் பகுதியை வாசிக்கும்போது நான் ஈசாக்கின் பக்கம் நிற்கவே விரும்புகிறேன். ஆனால் என் தந்தை காட்டிய நீர்வழியை மண்ணிட்டு மூடியவன் நானே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், படைப்போடு ஒப்புரவாக விரும்புவோர் முதலில் தாம் அதற்கு இழைத்த தீங்கை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கற்பிக்கிறது. அம்மடல் வெளிவந்த ஆண்டின் இறுதியில்தான் என் வீட்டுக்குள் நீர் வந்தது. ஒப்புரவு அருளடையாளத்துக்குச் செல்லும்போது கோபம், பொய், பொறாமை என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம். என் மனை யாருடைய வழியில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

வீட்டை இடித்துவிட்டேனா என்று வாசகர் கேட்கலாம். இல்லை. அத்தகைய துணிவு எனக்கு வரவில்லை. மூடியிருந்த பாலத்தைத் திறந்து கால்வாயை மீட்க வேண்டும் என்று எங்கள் தெருவினர் சிலர் சேர்ந்து மனுக் கொடுத்தோம். மீட்டால் எங்கள் மதிற்சுவர்களும் போகும் என்பதை அறிந்தே கையெழுத்திட்டோம். கையெழுத்திட மறுத்தவர்களும் உண்டு. அவர்களை நான் குறைகூறமாட்டேன். 1987இல் நானும் மறுத்திருப்பேன். எங்கள் மதிலை மட்டும் நானே முன்வந்து நான்கு அடி உள்ளே தள்ளிக் கட்டினேன். அந்த நான்கு அடி போதாது என்பது எனக்குத் தெரியும்.

நடை சேலையூர் வழியாகத் தாம்பரம் நிலையத்தில் முடிந்தபோது வெயில் ஏறிவிட்டது. மேம்பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். பாதையோரம் மஞ்சள் மேற்சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் சுத்தியலோடு தனியே நடந்து போய்க்கொண்டிருந்தார். கேஜ் மாறியிருக்கிறது, வண்டி மாறியிருக்கிறது. நடந்து பார்ப்பவர் மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் நடந்து பார்ப்பதாலேயே நாம் அச்சமின்றி வண்டியில் உறங்கிக்கொண்டு போகிறோம்.

நம் ஏரிக் கரைகளிலும் காலையில் பலர் நடக்கிறார்கள். உடல் நலத்துக்காக நடக்கிறார்கள், அது நன்றே. அவர்களுள் ஒருவர், இந்த ஐப்பசிக்கு முன் ஒருநாள், கலங்கலின் அருகே நின்று, இங்கிருந்து நீர் எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே நடந்து பார்ப்பாரானால், அந்த வழி எங்கள் தெருவுக்கு வரும். அவர் வரும்போது அந்தப் பாலம் இருந்த இடத்தைக் காட்ட நான் வாசலில் காத்திருப்பேன்.